அட்டையில் என்ன எழுதுவது?

அன்புள்ள கதிருக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டைப் படம் வந்தது. சிவப்பு மார்க்கரில் எழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது, உன் அம்மா கையெழுத்தின் சாயல். "டிவில காட்டுவான்ல மாமா?" என்று கேட்டிருந்தாய். காட்டுவான். எனக்குக் கவலையே அதுதான். போனிலேயே இரண்டு வரி தட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன், அடங்கவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

உங்கள் யூட்டா பல்கலைக்கழகம் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு ஆடப்போகிற ஆட்டத்துக்காக அந்த அட்டையைத் தயார் செய்திருக்கிறாய். அந்த ஊர் வழக்கப்படி பி.ஒய்.யூ. என்றே சொல்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துகிற சபையில், கோயிலுக்குள் போய் உறுதிமொழி எடுத்த பெரியவர்கள் ஆடைக்கு உள்ளே ஒரு வெள்ளை உடுப்பு அணிவார்கள். வெளியே காட்டுவதற்கு அல்ல, கொடுத்த வாக்கு தனக்கு நினைவிருக்க வேண்டும் என்பதற்காக. உன் அட்டை அதைக் கிண்டல் செய்கிறது. நீயே யோசித்த நக்கல் இல்லை இது. யூட்டா மாநிலத்துக்கு வெளியே ரொம்ப காலமாகப் புழங்குகிற பழைய சரக்கு. அறையில் உன்னுடன் இருக்கும் பையன்கள் யாராவது எடுத்துக்கொடுத்திருப்பார்கள்.

உன் இடுப்பில் அரைஞாண் கயிறு இன்னும் இருக்கிறதா? விமானம் ஏறும்போது இருந்தது, அறுந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பெட்டியில் வைத்து அனுப்பியது உன் பாட்டி. உடற்பயிற்சிக் கூடத்தில் உடை மாற்றும்போது ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால் படம் போட்டுக் காட்டினால் உனக்கு எப்படி இருக்கும்? கயிற்றில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை ஒன்றும் கிடையாது, தெரியும். ஆனாலும் சுருக்கென்று தைக்கும். அவர்களுக்கோ அந்த உடுப்பில் நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கிறது.

உன்னை நல்ல பிள்ளையாக்கிக் கை கட்டி உட்காரவைக்க இதைச் சொல்லவில்லை. சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்த்த காலத்தில் நானும் யூட்டாவின் சிவப்புச் சட்டை போட்டுத் தொண்டை கட்டக் கத்தியவன்தான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அழகில் பாதி அந்தக் கூச்சல். எதிரணி பந்தை எடுக்கும்போது, அவர்களுடைய குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்காதபடி இரைச்சல் போட வேண்டும். அதற்காகத்தான் மாணவர்களை மைதானத்தை ஒட்டி நிறுத்துகிறார்கள். உங்கள் 'மஸ்' என்கிற மாணவர் ரசிகர் கூட்டத்தில் நின்றுகொண்டு கத்தாமல் இருப்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிற மாதிரி. கத்து. என்ன கத்துவது என்பதுதான் பேச்சு.

இந்தப் போட்டிக்கு 'ஹோலி வார்' என்று பெயர். புனிதப் போர்! பாதி வேடிக்கை, பாதி நிஜம். உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம். பி.ஒய்.யூ., பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது ஊர் மார்மன் என்று சொல்கிற சபை நடத்துவது. தெற்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி ப்ரோவோவில் இருக்கிறது. அங்கே மது கிடையாது, சபை விதிப்படி காபியும் டீயும் கிடையாது, அணி ஞாயிற்றுக்கிழமை ஆடாது. ஆனால் இதை மதமற்றவர்களுக்கும் மதக்காரர்களுக்கும் நடக்கிற சண்டை என்று வெளியூர்க்காரன்தான் நினைப்பான். 1850-ல் உன் பல்கலைக்கழகம் டெசெரெட் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியபோது அங்கே ஆளுநர் யார் தெரியுமா? சபைத் தலைவர் பிரிகம் யங். அவர் பெயரிலேயே ப்ரோவோவில் கல்விக்கூடம் வந்தது 1875-ல். நீங்கள் மூத்த பிள்ளை, அவர்கள் இளைய பிள்ளை. வீடு ஒன்று.

பயிற்சியாளர்களைப் பார். இருபது ஆண்டுகளுக்கு மேல் உங்கள் யூட்டா அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கைல் விட்டிங்ஹாம் பி.ஒய்.யூ.வில் லைன்பேக்கராக ஆடியவர், அந்தச் சபையைச் சேர்ந்தவர். 2004 டிசம்பரில் இரண்டு பல்கலைக்கழகங்களுமே அவரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தன. தான் படித்த இடத்துக்குப் போவாரா, வேலை பார்க்கிற இடத்திலேயே இருப்பாரா என்று மாநிலமே காத்துக்கிடந்தது. அவர் யூட்டாவில் தங்கினார். அவர் அப்பா ஃப்ரெட் இரண்டு பக்கமும் பயிற்சி கொடுத்தவர். எதிர்ப்பக்கம் பி.ஒய்.யூ.வின் தலைமைப் பயிற்சியாளர் கலானி சிடாகே, அங்கேயே ஆடியவர், ஆனால் பல ஆண்டுகள் விட்டிங்ஹாமின் கீழ் யூட்டாவில் தற்காப்பு ஆட்டத்தைக் கவனித்தவர். இவர்கள் ஒருவர் தந்திரம் ஒருவருக்கு மனப்பாடம். உன் அட்டையை நீ தூக்கும்போது, உன் பின்வரிசையில் சிவப்புச் சட்டை போட்டு நிற்கிற பெண்ணின் அப்பா அந்த உடுப்பை அணிந்திருப்பார். உங்கள் அணியிலேயே இரண்டு வருடம் சபைப் பணிக்குப் போய்விட்டு வந்து ஆடுகிற பையன்கள் இருக்கிறார்கள். நீ எறிகிற கல் முதலில் விழப்போவது உன் கூடாரத்தில்.

இந்தச் சபையைத் திட்டுகிற அருவருப்பான கோஷம் அதிகமாகக் கேட்டது, பார், யூட்டாவிலிருந்து தூரத்தில் இருக்கிற ஊர்களில். 2021 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் பி.ஒய்.யூ.வோடு ஆடியபோது கெட்ட வார்த்தையோடு 'மார்மன்' என்பதைச் சேர்த்து மாணவர்கள் கத்தினார்கள். 2022 செப்டம்பர் 17-ல் ஆரிகனில் அதே கோஷம். ஆரிகன் 41–20 என்று ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. தோற்கிற கடுப்பில் கத்தினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, இரு மாநில ஆளுநர்களும் கண்டித்தார்கள். 2025 பிப்ரவரியில் அரிசோனாவில் கூடைப்பந்து, 96–95 என்று ஒரு புள்ளியில் பி.ஒய்.யூ. ஜெயித்தது. மறுபடி அதே, மறுபடி மன்னிப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் கொலராடோவில். இந்த முறை பிக் 12 கூட்டமைப்பு கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் அபராதம் போட்டது. பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸும் மன்னிப்புக் கேட்டார்.

அபராதத்தைக் கட்டியது பல்கலைக்கழகம். கத்திய மாணவன் அல்ல. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பேச்சுச் சுதந்திரம் பற்றிய அரசியல் சட்டத் திருத்தம் அதையும் கட்டுப்படுத்தும். வெறும் வார்த்தைக்காக ஒருவனை வெளியே அனுப்புவது அங்கே லேசுப்பட்ட காரியம் இல்லை. அதுவும் சரிதான், அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் எப்படி நிற்பது என்பது உன் பொறுப்பாகிவிடுகிறது. விசாவில் இருக்கிற மாணவன் கைகலப்பு, போலீஸ் என்று மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் உன் அப்பா போனில் சொல்லியிருப்பார். பயந்து ஒழுங்காக இரு என்று சொல்வதற்கு ஒரு தாய்மாமன் தேவையில்லை.

என் கோபம் வேறு. அந்தக் கோஷம் சோம்பேறித்தனம். நல்ல நக்கலுக்கு விவரம் வேண்டும். எதிரணி எங்கே தடுமாறியது, யார் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது, எந்த வருடம் எத்தனை புள்ளி, எல்லாம் தெரிந்தவன்தான் சீண்ட முடியும். சீண்டப்படுகிறவனும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பான், ஏனென்றால் நீ அவனுடைய ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாய். மதத்தைத் திட்டுவதற்கு ஆட்டத்தையே பார்க்க வேண்டாம். எதிரே ஆடுவது யார் என்றுகூடத் தெரிய வேண்டாம். 2024-ல் பி.ஒய்.யூ.வின் குவார்ட்டர்பேக் ஜேக் ரெட்ஸ்லாஃப் ஒரு யூதர். அந்த நவம்பரில் உங்கள் மைதானத்துக்கு வந்து 22–21 என்று ஜெயித்துக்கொண்டு போன அணியை நடத்தியது அவர்தான். அவரைப் பார்த்து மார்மன் வசவு பாடியிருந்தால் யார் முட்டாள்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மக்களுக்கு அது வெறும் கெட்ட வார்த்தையாக மட்டும் காதில் விழாது. 1838 அக்டோபரில் மிசௌரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் அல்லது அழித்தொழிக்க வேண்டும் என்று ஆணையே போட்டார். அதை முறைப்படி ரத்து செய்தது எப்போது தெரியுமா, 1976-ல்! 1844-ல் அவர்களுடைய நிறுவனர் ஜோசஃப் ஸ்மித்தை இலினாயில் ஒரு சிறைக்குள் கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகுதான் அவர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே நடந்து 1847-ல் நீ இப்போது இருக்கிற பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். உன் கல்லூரி இருக்கிற ஊரே துரத்தப்பட்டவர்கள் கட்டிய ஊர்.

"அப்படியென்றால் அவர்களை எதுவுமே சொல்லக் கூடாதா மாமா, அவர்கள் செய்ததெல்லாம் சரியா?" என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். அந்தக் கதை உனக்குத் தெரிய வேண்டும்.

யூட்டாவுக்கு அடுத்த மாநிலம் வயோமிங். 1969-ல் அவர்களுடைய பல்கலைக்கழக அணி தோல்வியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டம் பி.ஒய்.யூ.வோடு. அந்தக் காலத்தில் மார்மன் சபையில் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது. மற்ற ஆண் உறுப்பினர்கள் எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைக்கிற ஒன்று இவர்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டது. வயோமிங் அணியில் இருந்த 14 கறுப்பின ஆட்டக்காரர்கள், அந்த ஆட்டத்தில் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கப் பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் போனார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள், அக்டோபர் 17. கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றார்கள். பேச்சுக்கே இடமில்லாமல் 14 பேரையும் அணியை விட்டுத் தூக்கினார் ஈட்டன். மறுநாள் அவர்கள் இல்லாமலே வயோமிங் 40–7 என்று ஜெயித்தது. ஊர் கைதட்டியது. அந்த ஆண்டின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு மொத்தமே ஒரு வெற்றி. அந்தப் பையன்களில் பலருக்குக் கால்பந்து வாழ்க்கை அங்கேயே முறிந்தது.

அவர்கள் கையில் இருந்தது ஒரு துணிப் பட்டை. சபையின் கொள்கை ஒன்றைச் சுட்டி, இது அநியாயம் என்றார்கள். சபை மக்களை அசிங்கமாகத் திட்டவில்லை, அவர்களுடைய சாமியை இழுக்கவில்லை. கூட்டத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளவும் இல்லை. பெயர் சொல்லி, முகம் காட்டி நின்று, அதற்கான விலையைத் தங்கள் வாழ்க்கையிலிருந்து கொடுத்தார்கள். நாடு முழுக்க அந்தக் கொள்கைக்கு எதிராகக் குரல் எழுந்தது. பி.ஒய்.யூ.வோடு இனிப் புதிதாக ஆட்டம் வைத்துக்கொள்வதில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் அந்த ஆண்டே அறிவித்தது. 1978 ஜூனில் சபை அந்தத் தடையை நீக்கியது. வயோமிங் பல்கலைக்கழகம் அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்க 2019 வரை ஆனது. அதன் பிறகு, அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் அதே மார்மன் சபையோடு கைகோத்து ஏழைகளுக்கு உணவுப் பொருள் விநியோகிக்கத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து எதிராளியோடு ஒரே லாரியிலிருந்து மூட்டை இறக்க முடிந்தது என்றால், அன்று அவர்கள் பேசிய விதம் அப்படி. கொலராடோவில் கத்திய பையனுக்கும் பி.ஒய்.யூ.வின் விதிகளில் நியாயமான கோபம் இருந்திருக்கலாம். தன்பாலின உறவு பற்றிய அவர்களுடைய மாணவர் ஒழுக்க விதியை எதிர்த்து அவர்களுடைய மாணவர்களே போராடியிருக்கிறார்கள். அவன் எதைச் சுட்டினான், சொல் பார்க்கலாம். ஒன்றையும் இல்லை.

நம் ஊரையும் விட்டுவைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 14, அகமதாபாத், கிரிக்கெட் உலகக் கோப்பை. ஆட்டமிழந்து படியேறிப்போன பாகிஸ்தான் ஆட்டக்காரர் முகமது ரிஸ்வானைப் பார்த்து 'ஜெய் ஸ்ரீராம்' என்று ஒரு கூட்டம் கத்தியது. கொலராடோக்காரன் அடுத்தவன் மதத்தைத் திட்டினான். இவர்கள் தங்கள் சாமி பெயரையே வசவாக்கிவிட்டார்கள். எனக்கு இது இன்னும் மோசமாகப் படுகிறது. ராமனை எடுத்து எறிகல்லாக்குவதை உன் பாட்டி ஒப்புவாளா? சேப்பாக்கத்தில் 1999-ல் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டினோமே என்று இந்த இடத்தில் இழுத்துவிடச் சபலமாக இருக்கிறது. வேண்டாம், அந்த ஒரு நாளைக் காட்டி எத்தனை காலம் மார்தட்டுவது.

பி.ஒய்.யூ. பக்கம் எல்லோரும் மகான்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதே. 2009-ல் கூடுதல் நேரத்தில் 26–23 என்று ஜெயித்த கையோடு அவர்களுடைய குவார்ட்டர்பேக் மேக்ஸ் ஹால், யூட்டாவை வெறுக்கிறேன், அதன் ரசிகர்களை வெறுக்கிறேன் என்று மைக் முன்னால் கொட்டித் தீர்த்தார். முந்தைய ஆண்டு உங்கள் மைதானத்தில் தன் குடும்பத்தார் மீது பீர் ஊற்றி அவமானப்படுத்தினார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மறுநாள் மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் முடிந்தும் ஒரு வருடம் ஒருவன் மனசில் அது கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது, பார். உன் பக்கத்து இருக்கைக்காரன் ஊற்றிய பீர் அடுத்த ஆண்டு எங்கே போய்ப் பொங்கும் என்று உனக்குத் தெரியாது.

சரி, அங்கே நிற்கும்போது அந்தக் கோஷம் உன்னைச் சுற்றி எழுந்தால்? அறிவுரை சொல்லக் கிளம்பாதே, மூன்றாவது கால்பகுதியில் எவனும் கேட்கமாட்டான். அப்படிப்பட்ட கோஷம் பத்துப் பேரிடம் தொடங்கும், அது நூறாக வேண்டும் என்றால் மற்றவர்கள் தாளம் கொடுக்க வேண்டும். நீ கொடுக்காதே. முடிந்தால் அதைவிடச் சத்தமாக உங்கள் அணியின் வழக்கமான கோஷத்தை எடு. கூட்டத்துக்குத் தேவை கத்துவதற்கு ஏதோ ஒன்று, பெரும்பாலும் அது எது என்பதில் அதற்குப் பிடிவாதம் இருக்காது. நான் பார்த்திருக்கிறேன், நல்ல தொண்டை உள்ளவன் ஒருவன் திருப்பினால் வரிசையே திரும்பும். பி.ஒய்.யூ.வின் நீலச் சட்டை போட்ட குடும்பம் யாராவது உங்கள் வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, குழந்தையை வைத்துக்கொண்டு திணறினால் வழிவிட்டுக் கொண்டுபோய் விடு. உன் ரசிகத்தனம் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அட்டைக்கு வருகிறேன். நல்ல பொருள் நிறைய இருக்கிறது, நீ தேடவில்லை. 2010 முதல் 2019 வரை ஒன்பது முறை மோதி ஒன்பதிலும் யூட்டாதான். 2011-ல் அவர்கள் மைதானத்திலேயே 54–10. அதற்கெல்லாம் மேலே 2015 லாஸ் வேகஸ். முதல் கால்பகுதி முடிவதற்குள் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்து 0–35 என்று நின்றார்களே, அது! வெறும் '35–0' என்று பெரிதாக எழுதி, கீழே 'முதல் கால்பகுதி' என்று போடு. நீலச் சட்டைக்காரர்கள் அத்தனை பேருக்கும் புரியும், எரியும். முழு ஆட்டம் 35–28 என்று முடிந்தது, அவர்கள் அதைச் சொல்லித் திருப்பி அடிப்பார்கள். 2021, 2024, 2025 மூன்றிலும் ஜெயித்தது நாங்கள் என்பார்கள். அடிக்கட்டும். சபைப் பணிக்குப் போய்விட்டு வருவதால் அவர்கள் அணியில் பாதிப் பேர் கிழவர்கள் என்று ஒரு கிண்டல் உண்டு. அதில் விஷம் இல்லை, ஆனால் உங்கள் அணியிலும் அதே கிழவர்கள் இருப்பதால் எடுபடாது.

கடைசியாக ஒன்று. 2012-ல் உங்கள் மைதானத்தில் யூட்டா 24–21 என்று முன்னே இருக்க, கடைசி நொடியில் பி.ஒய்.யூ. உதைத்த பந்தைத் தடுத்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ரசிகர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்கள். ஆட்டம் முடிந்திருக்கவில்லை. ரசிகர்கள் புகுந்ததற்காக யூட்டாவுக்கு 15 கெஜம் தண்டனை, பி.ஒய்.யூ.வுக்கு இன்னும் கிட்டத்திலிருந்து இன்னொரு உதை. அது கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் உங்கள் ஆட்கள் தப்பினார்கள். ஆகவே கடிகாரத்தில் பூஜ்யம் விழுந்து, நடுவர்கள் உள்ளே போகும்வரை நின்ற இடத்திலேயே நில். தெர்மல் உள்ளாடை போட்டுக்கொண்டு போ, நவம்பரில் அந்த மலைக்காற்று எலும்புக்குள் இறங்கும். புது அட்டை எழுதியதும் படம் அனுப்பு. '35' தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்குத் தடியாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா